சோப்பு டப்பாவின் பழைய இன்ஜின்

என் ஆசை மாப்பிள்ளை லோகுவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? காலையில் பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறினால் ஆம்பூர் வரை பேச்சு. ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பேச்சு. சாயங்காலம் அதே பஸ்ஸில் மிச்சம் மீதிப் பேச்சு. இப்போது நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் நினைவுக்கு நம் செக்ஷன்காரர்கள் சின்னதாக ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். "நீதான் அவனுக்கு தோஸ்து, சொந்தமும் கூட. ஒரு பக்கம் எழுதிக் குடு பாபு" என்றார் சூப்பர்வைசர். ஒரு பக்கத்தில் முடியாது என்று அவருக்குத் தெரியாது.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். சிரித்த முகம், தங்கமான மனசு, யாரையும் கடிந்து பேசாதவன் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நிஜம்தான். வலிப்பு உள்ளவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொண்டாட்டி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான், அணைக்கட்டு ரோட்டில் விழுந்து செத்தான் என்பதும் ஊருக்கே தெரியும். வாழ்நாளில் வண்டியே தொடாதவன் அன்றைக்கு ஏன் எடுத்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவன் நீ. பதினாறு வயதில் வலிப்பு வந்த பிறகு உன்னைத் தறி பக்கமே விடவில்லை. ஷூ கம்பெனிக்கு வந்தாய். அங்கேயும் மெஷினில் நிற்கவைக்க முடியாது என்று சொல்லித் தோலுக்குக் குறி போடுகிற மேசையில் உட்காரவைத்தார்கள். மாட்டுத் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறின கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாவற்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து வெள்ளிப் பென்சிலால் வட்டம் போடுவாய். அந்தத் தோல் அப்படியே என் மெஷினுக்கு வரும். வட்டத்துக்குள் படாமல் அச்சுக் கத்தியை வைத்து நான் வெட்டுவேன். ஒன்பது வருஷம் நீ வட்டம் போட்ட இடத்தில் நான் கத்தி வைத்ததில்லை.

என் தங்கை கலாவைப் பெண் பார்க்க வந்த அன்று நீ செய்ததை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள். காபி வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தாய். "தெனம் ரெண்டு வேளை இத சாப்பிடணும். அப்டியும் எப்பனா வரும். வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. யோசிச்சி சொல்லுங்க" என்றாய். கலா யோசிக்கவே இல்லை. "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்" என்றாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான். என் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

அப்படித்தான் பள்ளிகொண்டாவில் அவளோடு குடித்தனம் வைத்து, நீ அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறவன் ஆனாய். லாங் பஜாருக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு தடவை அமிர்தி அருவிக்குக்கூட. முன்னால் பொண்டாட்டி, பின்னால் புருஷன் என்று டீக்கடையில் சிரித்தவர்களுக்கு நீ கையாட்டிவிட்டுப் போவாய். உனக்கு ரோஷமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். ஒருவனோடு ஒன்பது வருஷம் பழகி இவ்வளவு தப்பாகவா நினைப்பது?

வண்டி மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. என் சித்தப்பா மகன் வெளியூர் போகும்போது அதை எங்கள் அணைக்கட்டு வீட்டில் போட்டுவிட்டுப் போனான். கலாவுக்குப் பயம், டிவி வெளிச்சத்தில் வலிப்பு வந்துவிடுமோ என்று. வேலூர் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, உனக்கு அப்படி இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு நடுநடுவே எழுந்து நடந்து விளையாடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். என் பொண்டாட்டி கரண்ட் பில்லை நினைத்து முணுமுணுப்பாள்.

ரேஸ் கேம். உள்ளே நூறு கார் இருந்தாலும் உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், சதுரமாக, குட்டையாக, வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன கார். நான் அதற்கு சோப்பு டப்பா என்று பேர் வைத்தேன். நேர் ரோட்டில் எல்லா வண்டியும் அதை முந்திவிடும். திருப்பம் வந்ததும் ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளே புகுந்து எல்லாரையும் பின்னால் தள்ளிவிடுவாய். காரின் படத்துக்குக் கீழே அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒரு எண் காட்டும். பந்தயம் முடிந்ததும் நீ முதலில் பார்ப்பது அதைத்தான். பதினோராயிரத்தைத் தாண்டிய அன்று எங்கள் எல்லாருக்கும் குலோப் ஜாமூன் வாங்கி வந்தாய். என்ன விசேஷம் என்று என் பொண்டாட்டி கேட்டாள். "வண்டி நல்லா ஓடுது அக்கா" என்றாய்.

பிறகு அந்த இன்ஜின் வந்தது. ஒரு மாதம் மல்லுக்கட்டி ஜெயித்த பந்தயத்துக்கு உனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். எட்டு சிலிண்டர், பெரிய இன்ஜின். கடையில் வாங்க முடியாது, ஒன்றே ஒன்று. கேமில் இருக்கிற மூன்று காரில்தான் அது பொருந்தும், அதில் ஒன்று சோப்பு டப்பா. "போட்றா மாப்ள, ராக்கெட்டு மாதிரி பறக்கும்" என்றேன். "வாணாம் மச்சான். இதுக்கு வாணாம். மூக்கு கனம் ஜாஸ்தியாய்டும், திரும்பாது" என்றாய். அடுத்த ஞாயிறும் சொன்னேன். அடுத்த ஞாயிறும் வாணாம் என்றாய், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான் என்னை ஏமாற்றியது. நம் வீடுகளில் மாப்பிள்ளை போதும் என்று சொன்னால் யார் நிறுத்துகிறார்கள்? இலையில் கையைக் குறுக்கே வைத்து மறைத்தாலும் விரலை விலக்கி இன்னொரு கரண்டி வைப்பதுதானே மரியாதை. உனக்கு நான் அப்படி எத்தனை தடவை பரிமாறியிருக்கிறேன், நீயும் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாய். இதுவும் அந்த வாணாம்தான் என்று எடுத்துக்கொண்டேன். கூச்சத்தில் சொல்கிறாய், நான்தான் முன்னால் நின்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

உன் பிறந்தநாளுக்கு முந்தின நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இன்ஜினை மாற்றும் இடத்துக்குப் போனதும் கேம் ஏதோ இங்கிலீஷில் கேட்டது. டயர் மாற்றினால் பழைய டயர் பெட்டியில் இருக்கும், வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிரேக்கும் அப்படித்தான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, சரி என்று அமுக்கினேன். பிறகு அந்த வேகத்துக்குத் தாங்குகிற மாதிரி கியர், பிரேக், அகல டயர் எல்லாம் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். அம்மாடி, நேர் ரோட்டில் என்ன போக்கு! நீ வந்து பார்த்ததும் என்னைக் கட்டிப்பிடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் நீ வந்தாய். கலா என் பொண்டாட்டியோடு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "கண்ண மூடு மாப்ள" என்று உன் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். நீ ஓட்டினாய். முதல் திருப்பத்தில் கார் நேராகப் போனது. இரண்டாவதில் தடுமாறியது. மூன்றாவதில் சுவரில் போய் அடித்து நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. பந்தயத்தை விட்டு வெளியே வந்து காரின் படத்தைப் பார்த்தாய். "இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"பர்த்டே கிஃப்ட்டுறா. எட்டு சிலிண்டர்!"

"பழச போடு."

தேடினேன். இல்லை. அப்போதுதான் அந்த இங்கிலீஷ் என்ன சொல்லியிருக்கிறது என்று புரிந்தது. இன்ஜினை மாற்றினால் பழைய இன்ஜின் போனதுதான், திரும்ப வராது. "சரி வுடு, அதே கார் கடையில இருக்குது. இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

"அது வேற வண்டி மச்சான். நான் ஓட்டின கிலோமீட்ரு இதுலதான இருக்குது. இத்தினி நாளு நான் இன்னா சொன்னாலும் கேக்கும். இப்போ என் பேச்சையே கேக்கல." டிவியில் நின்ற காரைக் காட்டினாய். "வாணாம்னு சொன்னேன் இல்ல? எத்தினி தபா சொன்னேன்?"

அங்கே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆசையாகச் செய்ததை நீ தூக்கி எறிகிறாய் என்று எனக்கு ஆத்திரம். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், புத்திக்கு முன்னால் ஓடிவிடும். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் எதற்கு?

"பொண்டாட்டி பின்னால குந்தினு போறவனுக்கு இன்னாடா ரேஸு?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வட்டம் போட்ட எடத்துலயே கத்திய வெச்சிட்ட இல்ல மச்சான்" என்றாய். ஜாய்ஸ்டிக்கில் ஒரு குமிழ் ரொம்ப நாளாக, தொடாவிட்டாலும் காரைத் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. சரிசெய்து தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாய். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கலாவைக் கூப்பிட்டாய். அன்றைக்கு ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றாய். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தாய்.

அதன்பிறகு ஏழு வாரம் நாம் பேசவில்லை. பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஓவர்டைம் இருப்பதாகக் கலாவிடம் நீ சொல்லிவைத்தாய், நானும் அதையே சொன்னேன். பொய்யில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம். அந்த ஏழு வாரமும் உன் தோல்கள் என் மெஷினுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. என் மேல் இருந்த கோபத்தில் ஒரு தழும்பையாவது வட்டம் போடாமல் விட்டிருக்கலாம், கெட்ட பேர் எனக்குத்தான் வந்திருக்கும். ஒன்றைக்கூட நீ விடவில்லை. தினமும் இன்றைக்குப் பேசிவிடலாம் என்று நினைப்பேன். நீயே முதலில் பேசட்டும் என்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவேன். நான் மைத்துனன் அல்லவா, எனக்குக் கௌரவம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கலா கறி வாங்க நடந்து போயிருந்தாள். ஸ்கூட்டர் சாவி வழக்கமாக மாட்டுகிற ஆணியில் இருந்தது. திரும்பி வந்தால் வண்டியும் இல்லை, நீயும் இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், நீ அவர்களைத் தேடிப் போயிருக்கிறாய் என்றுதான் அவள் நினைத்தாளாம். நீ ஓட்டிப் போயிருப்பாய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

எங்கள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்திருக்கிறாய். அது திருப்பம்கூட இல்லை, நேர் ரோடு. எனக்கு போன் வந்து நான் ஓடி வந்தபோது உன்னைச் சாலையோரம் புளியமரத்தடியில் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் கலாவின் ரோஸ் கலர் ஹெல்மெட். ஒழுங்காக வார் மாட்டியிருந்தாய். பள்ளிகொண்டாவிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே லோகு, ஹைவேயைத் தாண்டி, சந்தைக் கூட்டத்தைத் தாண்டி! யாரிடம் கற்றுக்கொண்டாய்? அந்த நேரத்திலும் ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்காகவும் என்னை நானே வெறுக்கிறேன்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உங்கள் வீட்டு லுங்கியில் சுற்றின ஜாய்ஸ்டிக் இருந்தது. வேறு யாரும் பார்ப்பதற்குள் நான் எடுத்து ஒளித்துவிட்டேன். பத்து நாள் கழித்து மாட்டிப் பார்த்தேன். குமிழ் இழுக்கவில்லை, சரிசெய்திருந்தாய். எதற்கு வந்தாய் மாப்பிள்ளை? உன் பொருள் இந்தா, இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தாயா? உட்காரு, ஒரு பந்தயம் போடலாம் என்று சொல்ல வந்தாயா? இல்லை, முன்னால் உட்கார்ந்து ஓட்டி வந்திருக்கிறேன் பார் என்று என் வாசலில் நின்று காட்ட வந்தாயா? தினம் ஒன்றை நம்புகிறேன். எதை நம்பினாலும் என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில்தான் போய் நிற்கிறது.

இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன். உன் மேசையில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். பயத்தில் தட்டு அகலத்துக்கு வட்டம் போடுகிறாள், பாதித் தோல் வீணாகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. பேச்சையே குறைத்துவிட்டேன். பாபுவுக்கு இன்னா ஆச்சு, எப்போ பாத்தாலும் பேஜாரா இருக்கான் என்று கேட்கிறார்கள். மச்சான் செத்த துக்கம் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்.

கேம் பெட்டியை இன்னும் ஒரு தடவை போட்டேன். சோப்பு டப்பாவுக்கு உன் பழைய இன்ஜினைத் திருப்பிப் போட ஏதாவது வழி இருக்கிறதா என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரையும் கேட்டுவிட்டேன். இல்லையாம். அதை ஒரு சுற்று ஓட்டினேன். முடித்த பிறகுதான் பார்த்தேன், நீ விட்டுப்போன எண்ணுக்கு மேல் ஆறு கிலோமீட்டர் ஏறியிருந்தது. உன்னுடைய கணக்கில் என்னுடைய ஆறு. அதையும் அழிக்க முடியவில்லை. அணைத்துவிட்டு அழுதேன். ஒரு கேமுக்கா இப்படி அழுகிறாய் என்று என் பொண்டாட்டி திட்டினாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

கலாவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவள் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டாள் லோகு. சுவரில் பெயர்ந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "நான் சாவிய கையில எடுத்துனு போயிருந்தா அவரு இருந்திருப்பாரு இல்லண்ணா?" என்று என்னைக் கேட்கிறாள். போன வாரமும் கேட்டாள். குடியாத்தத்தில் உன் அம்மா அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அந்தப் பக்கமே போவதில்லை. "அவங்க புள்ளைய நான்தான் சாவடிச்சிட்டேன்" என்கிறாள். ஸ்கூட்டரைத் தொடுவதில்லை, பஸ்ஸில் போகிறாள். மாத்திரை அட்டையைப் பார்த்தும் சரி என்று சொன்ன பெண் அவள். அவளுக்கு இந்தத் தண்டனையா?

அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒரே பதில்தான். "விதிம்மா." எவ்வளவு சுலபமான வார்த்தை! விதி வந்து நான் செய்யவில்லை என்று மறுத்துப் பேசப்போகிறதா? என் தங்கை என் குற்றத்தை ஒரு வருஷமாகத் தன் தலையில் சுமக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன், நல்ல அண்ணன் என்று பேர் வாங்குகிறேன். அவளிடம் இரண்டு தடவை வாயைத் திறந்தேன், லோகு. இரண்டு தடவையும் மூடிக்கொண்டேன். உன்னிடம் தானாக ஓடின வாய் அவளிடம் ஓட மாட்டேன் என்கிறது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நீ மன்னித்தாய் என்று நானே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினால் அது உனக்குச் செய்கிற இரண்டாவது துரோகம். எனக்கு நிம்மதி வராது என்று தெரியும். அவளுக்காவது வர வேண்டும்.

அதனால் ஒரு சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, கலாவுக்கு முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். நான் சொன்ன அந்த வார்த்தையை விழுங்காமல் படிப்பேன். ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுப்பேன். அவள் என்னை அடிக்கலாம். இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லலாம். அண்ணா என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும். அடுத்த நாள் அவள் குடியாத்தத்துக்குப் போய் உன் அம்மாவின் மடியில் தலைவைத்து அழுதால் போதும். உன்னைக் கொன்றது அவள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் உன் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்குமா தெரியவில்லை. அது கலா சொல்ல வேண்டியது. அதுவரைக்கும்,

உன் மச்சான்,
பாபு